செல் வாட்ச் என்று தள்ளிவிடாதீர்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தாத்தா வாட்ச், அப்பா வாட்ச் என்று பேச்செடுத்தாலே பலருக்கும் சாவி கொடுக்கிற எச்.எம்.டி. ஜனதாதான் நினைவுக்கு வருகிறது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. தொடங்கிய வாட்ச் தொழில், இரண்டு தலைமுறைக்கு நேரம் காட்டியது. அந்த வாட்சுக்கு இன்று ரசிகர்கள் இருக்கிறார்கள். தெருமுனை வாட்ச் கடைக்காரர் அதைக் கையில் வாங்கும்போதே முகம் மலர்கிறார். ஆனால் இப்போது வீட்டுப் பீரோக்களிலிருந்து வெளியே வருவது பெரும்பாலும் அந்த வாட்ச் அல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டாடா குழுமமும், தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கியது 1984-இல். ஆலை நம் ஓசூரில். 1987-இல் வாட்சுகள் கடைக்கு வந்தன. செர்க்சஸ் தேசாய் என்ற நிர்வாகியின் தலைமையில் அவர்கள் குவார்ட்ஸை, அதாவது செல்லில் ஓடும் வாட்சை, முன்னே நிறுத்தித்தான் வியாபாரத்தில் இறங்கினார்கள். டி.வி.யில் டைட்டன் விளம்பர இசை வரும்போது, அது மொஸார்ட்டின் 25-ஆம் சிம்பொனி என்று தெரியாமலே ஒரு தலைமுறை முணுமுணுத்தது. எச்.எம்.டி.யும் ஆல்வினும்கூடக் குவார்ட்ஸ் செய்தன. சிங்கப்பூர்ப் பயணிகளும் துபாய்ப் பயணிகளும் சிட்டிசனும் கேசியோவும் கொண்டுவந்தார்கள். கொண்டுவர ஆள் இல்லாதவர்களுக்குச் சென்னைப் பர்மா பஜார் இருந்தது. மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு ஒரு வாட்ச், பணி ஓய்வு நாளில் சால்வையோடு ஒரு வாட்ச் என்று 1990-களில் கைகளில் ஏறியதெல்லாம் குவார்ட்ஸ்தான். அன்று அவற்றைக் கட்டியவர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள், சிலர் இல்லை. பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்திருப்பது ஓடாத ஒரு குவார்ட்ஸ் வாட்ச்.

அதைக் கடைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கிறது? “செல் வாட்சுதானே சார், இதுக்குப் போய்ச் செலவு பண்ணுவாங்களா? புதுசு வாங்கிக்குங்க.” அந்தப் பேச்சோடுதான் எனக்கு வழக்கு. கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் தன் நேரத்துக்குக் கணக்குப் பார்க்கிறார், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் உங்கள் நேரத்துக்குக் கூலி கேட்க யாரும் இல்லை. வாட்சைத் திறந்து பார்க்க முதன்முதலாக ஆசைப்படுகிறவருக்குக் குவார்ட்ஸைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பது என் கட்சி. காரணம், தன் நோயைத் தானே சொல்லும் வாட்ச் இது. மூடியைத் திறப்பதற்கு முன்பே பாதி தெரிந்துவிடும். மல்டிமீட்டர் வைத்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும். கை வைக்க வேண்டியிருப்பது மிச்சமுள்ள கொஞ்சத்துக்குத்தான். அந்தக் கொஞ்சத்திலும் பாதியில் கை வைக்காமல் இருப்பதே மேல்.

வரலாற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். குவார்ட்ஸ் என்பது நம் காட்டிலும் மேட்டிலும் கிடக்கும் வெங்கச்சங்கல்தான். வாட்சில் இருப்பது மட்டும் ஆலையில் வளர்த்த சுத்தமான படிகம். அழுத்தினால் சில படிகங்களில் மின்சாரம் தோன்றுகிறது என்று பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிர்கிறது. அந்த அதிர்வை எண்ணி நேரம் சொல்லும் முதல் கடிகாரத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசனும் ஹார்ட்டனும் 1927-இல் செய்தார்கள். கையில் கட்டுகிற சமாசாரமா அது? ஆய்வுக்கூடத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற கருவி. அதைக் கைக்குக் கொண்டுவர இன்னும் நாற்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ கம்பெனி ‘ஆஸ்ட்ரான்’ என்ற வாட்சை விற்பனைக்கு வைத்தது. விலை 4,50,000 யென். அந்தப் பணத்துக்கு அன்று அங்கே ஒரு சின்னக் காரே வாங்கியிருக்கலாம். மாதத்துக்கு 5 விநாடிதான் முன்பின் போகும் என்றார்கள். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தில் வாட்ச் தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் வேலை இழந்தார்கள். இன்று ‘வெறும் செல் வாட்ச்’ என்று நாம் உதட்டைப் பிதுக்குகிற பொருளின் பூர்வீகம் இது.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம், ஏனென்றால் இது புரிந்தால் ரிப்பேர் தானாகப் புரியும்.

மூடியைத் திறந்தால் ஓர் ஓரத்தில் அரிசி நீளத்துக்கு ஒரு சின்ன உலோகக் குழாய் தெரியும். அதற்குள் காற்றை எடுத்துவிட்டு அடைத்து வைத்திருப்பதுதான் படிகம். இரண்டு பல் உள்ள கவை போல வெட்டியிருப்பார்கள். அது விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஏன் அப்படி ஓர் எண்? 2-ஐ 15 தடவை பெருக்கினால் 32,768 வரும். பக்கத்திலுள்ள சில்லு அந்த அதிர்வைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, பதினைந்து முறை வெட்டி, விநாடிக்கு ஒன்று என்ற கணக்குக்குக் கொண்டுவருகிறது. இந்த அதிர்வு நம் காதுக்கு எட்டாது. அதே சமயம் செல்லைச் சீக்கிரம் தீர்த்துவிடும் அளவுக்கு வேகமும் இல்லை. ஆஸ்ட்ரானின் படிகம் 8,192 தடவைதான் அதிர்ந்தது, அதாவது பதின்மூன்று வெட்டு.

விநாடிக்கு ஒரு முறை அந்தச் சில்லு காயிலுக்கு ஒரு மின்துடிப்பு அனுப்புகிறது. காயில் என்பது தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றியது. திறந்ததும் கண்ணைப் பறிக்கும் செம்பு நிறத்தில் ஒரு குட்டி உருளை தெரிகிறதே, அதுதான். காயிலின் இரும்புத் தண்டு நீண்டு போய், கடுகளவு காந்தம் ஒன்றைச் சுற்றி வளைத்திருக்கும். துடிப்பு வந்ததும் அந்தக் காந்தம் அரைச் சுற்றுச் சுற்றி நிற்கும். அடுத்த விநாடி துடிப்பு எதிர்த் திசையில் வரும். காந்தம் மீதி அரைச் சுற்றை முடிக்கும். ஆக இரண்டு விநாடிக்கு ஒரு முழுச் சுற்று, நிமிடத்துக்கு முப்பது. பற்சக்கரங்கள் அந்த முப்பதை ஒன்றாகக் குறைத்து விநாடி முள்ளுக்குக் கொடுக்கின்றன. இந்தக் குட்டி மோட்டாரின் வடிவத்துக்கு 1936-இல் காப்புரிமை வாங்கியவர் மாரியஸ் லாவே என்ற பிரெஞ்சுப் பொறியாளர். குவார்ட்ஸ் வாட்ச் பிறப்பதற்கு முப்பது ஆண்டுக்கு முன்பே அதன் மோட்டார் பிறந்துவிட்டது. சூட்டிகையான மனிதர்.

இப்போது உங்கள் அப்பா வாட்சைக் கையில் எடுங்கள். திறக்காதீர்கள். கடையில் புதுச் செல் போட்டுக்கொண்டு வந்து, விநாடி முள்ளை மட்டும் பாருங்கள்.

முள் ஒரேயடியாக அசையவில்லையா? முதலில் பக்கத்துக் குமிழ் முழுதாக உள்ளே அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நேரம் திருத்த இழுத்த நிலையில் இருந்தால் வாட்ச் நிற்கத்தான் செய்யும். அதற்காகவே உள்ளே ஒரு நெம்புகோல் இருக்கிறது. செத்துப்போனதாக ஒதுக்கிய வாட்ச் குமிழை அமுக்கியதும் ஓடிய கதை எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும்.

இருந்த இடத்திலேயே துடிக்கிறது, முன்னேறவில்லை என்றால் அது நல்ல சேதி. செல் வேலை செய்கிறது, படிகம் அதிர்கிறது, சில்லு எண்ணுகிறது, காயில் முழுசாக இருக்கிறது. சக்கரத்தில்தான் அடைப்பு. பல வருஷம் ஓட்டாமல் மூடிவைத்த தையல் மெஷினில் எண்ணெய் பிசின் மாதிரி இறுகிக் கிடக்குமே, அதே கதைதான் இங்கேயும். இல்லாவிட்டால் அந்தக் காந்தத்தில் இரும்புத் தூசி ஒட்டியிருக்கும். ஒரு முள் இன்னொரு முள்ளில் உரசிக்கொண்டிருக்கவும் கூடும். கண்ணாடி வழியாகப் பக்கவாட்டில் பார்த்தாலே அது தெரியும்.

நான்கு விநாடிக்கு ஒருமுறை நான்கு கட்டம் தாண்டிக் குதிக்கிறதா? சில வாட்ச் மெஷின்களில் இரண்டு விநாடிக்கு ஒருமுறை இரண்டு கட்டம். பயப்பட ஒன்றுமில்லை, செல் தீரப்போகிறது என்று வாட்ச் சொல்கிறது. எல்லா மெஷினிலும் இந்த ஏற்பாடு இல்லை, இருப்பதில் இதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு வேறு கிடையாது. புதுச் செல் போட்ட பிறகும் குதித்தால், போட்ட செல் பழையது.

ஓடுகிறது, ஆனால் நாளுக்குப் பத்து நிமிடம் தாமதம் என்று ஒருவர் சொன்னார். ‘செல் வீக்காகிவிட்டது, மெதுவாக ஓடுகிறது’ என்பது எல்லோரும் சொல்வது. படிகம் அவ்வளவு மெதுவாக அதிராது. முள் அவ்வப்போது அடி தவறுகிறது, அதுதான் தாமதமாகத் தெரிகிறது. அழுக்கு, உரசல், அல்லது காந்தம். கைப்பையின் காந்தப் பொத்தான், போன் உறையின் காந்த மடிப்பு, ஸ்பீக்கர் இவற்றின் பக்கத்தில் வைத்தால் உள்ளேயுள்ள குட்டிக் காந்தம் திணறும். எடுத்துவிட்டால் பழையபடி ஓடும். ராத்திரி வாட்சை எங்கே கழற்றி வைக்கிறார் என்று கேட்டாலே சில கேஸ் முடிந்துவிடும்.

சரி, திறப்போம். அதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் ஊரில் இதைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது. வாட்ச் திருகாணி காற்றில் பறக்கும், பறந்தால் கிடைக்காது. மேசையில் வெள்ளைத் துணி, நல்ல வெளிச்சம், கண்ணில் மாட்டும் லென்ஸ், பிளாஸ்டிக் முனை உள்ள ட்வீசர் ஒன்று, வாட்ச் திருப்புளி இரண்டு அளவில். பல் குத்தும் குச்சியும் வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

பின்மூடி மூன்று விதம். நான்கு மூலையிலும் திருகாணி இருந்தால் வேலை சுலபம். விளிம்பைச் சுற்றிக் குழி குழியாக இருந்தால் அது மரை மூடி; அதற்கென்று முள் வைத்த சாவி உண்டு, சும்மா இறுகியிருந்தால் குழந்தைகள் விளையாடும் ரப்பர் பந்தை அழுத்தித் திருகினாலே கழன்றுவிடும். இரண்டும் இல்லையென்றால் அமுக்கு மூடி. விளிம்பை லென்ஸில் சுற்றிவரப் பாருங்கள்; ஓரிடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கும். அங்கேதான் கத்தி வைக்க வேண்டும். காய்கறி நறுக்கும் கத்தி வேண்டாம். வழுக்கினால் கேஸில் கோடு விழும், இல்லாவிட்டால் உங்கள் விரலில்.

மூடி வந்ததும் மெஷினைப் பார்க்கத்தான் எல்லோரும் துடிப்பார்கள். நீங்கள் மூடியின் உட்புறத்தை முதலில் பாருங்கள். லென்ஸில் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் கீறிய சின்ன எழுத்துகள் தெரியலாம். திறந்த ரிப்பேர்க்காரர் தன் அடையாளத்தையும் மாதத்தையும் வருஷத்தையும் கீறிவைப்பது வாட்ச் தொழிலில் பழைய வழக்கம். நம் ஊர்க் கடைகளில் செல்லின் மேலேயே பேனாவால் தேதி எழுதுவார்கள். ஒருவருடைய கையெழுத்து இரண்டு மூன்று தடவை, பிறகு வேறொருவருடையது, பிறகு நீண்ட இடைவெளி என்று வரும்போது, குடும்பம் ஊர் மாறியது, அவர் கட்டுவதை நிறுத்தியது எல்லாம் அந்தக் காசளவு தகட்டில் இருக்கும். அதைப் போன் கேமராவில் படம் எடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம்.

செல்லுக்கு வருவோம். பாதிக்கும் மேல் குவார்ட்ஸ் வாட்சுகளின் தலைவிதி இங்கேதான் தீர்மானமாகிறது. செல்லின் மேலே எண் இருக்கும். எஸ்ஆர் 626 எஸ்டபிள்யூ என்று இருந்தால் அதற்கே 377 என்றும் பெயர். 6.8 மில்லிமீட்டர் குறுக்களவு, 2.6 மில்லிமீட்டர் கனம். அந்த 626-க்குள்ளேயே இரண்டும் அடங்கியிருக்கிறது. முதலில் வரும் எழுத்துகளைத்தான் கவனிக்க வேண்டும். எஸ்ஆர் என்றால் சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட். எல்ஆர் அல்லது ஏஜி என்றால் சாதாரண அல்கலைன். ஏஜி 4 என்று கேட்டால் அதே அளவில், அட்டையோடு, அடிமாட்டு விலைக்குக் கொடுப்பார்கள். அளவு பொருந்தும், வாட்சும் ஓடும். ஆனால் அல்கலைனின் மின்னழுத்தம் நாளாக ஆகச் சரிந்துகொண்டே போகும். தீர்ந்த பிறகு கசியவும் செய்யும். சில்வர் ஆக்சைடு கடைசிவரை ஒரே சீராகக் கொடுத்துவிட்டு நிற்கும். குவார்ட்ஸ் மெஷின் கேட்பது அந்தச் சீரைத்தான். கடையில் “செல் போடுங்க” என்று சொல்லாதீர்கள், “எஸ்ஆர் செல் போடுங்க” என்று சொல்லுங்கள். கழற்றிய செல்லை மேசையில் விடாதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் வாயில் போட்டுக்கொள்ளும். பட்டன் செல் தொண்டையில் சிக்கினால் உள்ளே வெந்துவிடும், விளையாட்டுக் காரியம் இல்லை.

செல்லை உலோக ட்வீசரால் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால் ஷார்ட் ஆகும். பிளாஸ்டிக் முனை சொன்னது அதற்காகத்தான்.

பீரோவில் கிடந்த வாட்சானால் செல்லைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். அது செல்லிலிருந்து கசிந்த காரம். காரத்துக்கு மாற்று என்ன, புளிப்புதான். எலுமிச்சைச் சாறோ வினிகரோ பல்குச்சி நுனியில் ஈரம் தெரியும் அளவுக்கு மட்டும் எடுத்து, செல் உட்காரும் தகட்டையும் அதைத் தொடும் சின்ன ஸ்பிரிங்கையும் ஒற்றி ஒற்றி எடுங்கள். பொங்கி அடங்கும். பிறகு மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள், உலரவிடுங்கள். இந்த ஈரம் எதுவும் காயில் பக்கமோ டயல் பக்கமோ போகக் கூடாது. டயலின் மேலிருக்கும் பூச்சு ஆல்கஹாலில் கரையும். கரைந்தால் போனது போனதுதான். மெஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுக்கும் பழக்கம் சாவி வாட்சுக்கு உரியது. பிளாஸ்டிக் சக்கரமும் காயிலும் இருக்கும் மெஷினுக்கு அந்த வைத்தியம் வேண்டாம்.

தொடுமுனை சுத்தமான பிறகும் அசையவில்லையா? இப்போது மீட்டர். செல்லில் 1.55-க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். அடுத்து மீட்டரை ஓம் அளவுக்கு மாற்றி, காயிலின் இரண்டு கம்பி முனையும் வந்து சேரும் இரண்டு சின்னப் பொட்டுகளில் வையுங்கள். காயிலைத் தொடாதீர்கள், பொட்டை மட்டும். 1,000-லிருந்து 3,000 ஓம் வரை ஏதோ ஓர் எண் வந்தால் காயில் உயிரோடு இருக்கிறது. எண்ணே வரவில்லை என்றால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. பெரும்பாலும் முன்பு செல் மாற்றியவரின் திருப்புளி வழுக்கியிருக்கும். லென்ஸில் பார்த்தால் காயிலின் மேல் கீறல் மின்னும். திருகாணியை முடுக்கும்போது உங்கள் இன்னொரு கையின் விரலைக் காயிலுக்கும் திருப்புளிக்கும் நடுவே காவல் வையுங்கள். குவார்ட்ஸ் ரிப்பேரில் எந்த ஒரு பாடம் மறந்தாலும் இந்தப் பாடம் மறக்கக் கூடாது.

காயில் நன்றாக இருந்து, முள் துடிக்க மட்டும் செய்தால், மெஷினை வெளியே எடுக்க வேண்டும். குமிழின் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழி இருக்கும், சிலவற்றில் அம்புக்குறியும் போட்டிருப்பார்கள். குச்சி நுனியால் அதை லேசாக அமுக்கிக்கொண்டே குமிழை இழுத்தால் தண்டோடு வந்துவிடும். அமுக்காமல் இழுத்தால் உள்ளே நெம்புகோல் இடம் மாறும், பிறகு தண்டு உட்காராது. முள்களைக் கழற்றும்போது டயல் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வெட்டி வையுங்கள். திரும்பப் போடும்போது முதலில் மணி முள், பிறகு நிமிடம், கடைசியில் விநாடி. தேதி காட்டும் வாட்சானால், தேதி மாறும் அந்தக் கணத்தில் நிறுத்தி இரண்டு முள்ளையும் பன்னிரண்டில் வைக்க வேண்டும். இல்லையென்றால் மத்தியான சாப்பாட்டு வேளையில் தேதி மாறும் வாட்சோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

இந்தக் கட்டத்துக்கு முன் ஒரு பழைய சாமான் கடைக்குப் போய், ஓடாத மலிவு வாட்சுகள் சிலவற்றை வாங்கி வாருங்கள். அவற்றில் முள் கழற்றிப் பழகுங்கள். அப்பா வாட்ச் உங்கள் முதல் வாட்சாக இருக்கக் கூடாது.

இனி வழக்கின் சிக்கலான பகுதி. காயில் போய்விட்டது. மெஷினையே மாற்றலாமா? மாற்றுவது சுலபம். மெஷினைப் பார்த்தால் ஏதாவதொரு எண் இருக்கும். உலகில் ஏராளமான சாதாரண மூன்று முள் வாட்சுகளில் இருப்பது சிட்டிசன் குழுமத்தின் மியோட்டா 2035. அது இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. மாதத்துக்கு 20 விநாடி முன்பின் என்பது அதன் கணக்கு. செல்லும் அதே 626 எஸ்டபிள்யூதான். டயலின் பின்னாலுள்ள இரண்டு கால்களும் முள்களின் துளை அளவும் ஒத்துப்போனால் பழைய டயலும் பழைய முள்ளும் அப்படியே ஏறிவிடும். வேறு எண்ணானால் அதே எண்ணைத் தேடுவதே உத்தமம். ‘கிட்டத்தட்டப் பொருந்தும்’ என்று யாராவது சொன்னால் டயலின் காலை வெட்டப் போகிறார் என்று அர்த்தம்.

மாற்றினால் அது அப்பா வாட்சா? இதைப் பற்றிப் பெரிய பெரிய தத்துவம் பேசுகிறார்கள். எனக்கு அதில் குழப்பம் கிடையாது. அப்பா மெஷினைப் பார்த்ததே இல்லை. அவர் பார்த்தது டயலை. அவர் மணிக்கட்டு தொட்டது பின்மூடியை. பஸ் கம்பியிலும் அலுவலக மேசையிலும் இடிபட்டது கேஸ். இவை மூன்றும் இருந்தால் அது அவர் வாட்ச். ஆகவே மெஷினை மாற்றத் தயங்காதீர்கள். டயலுக்கு மறுவர்ணம் பூச மட்டும் யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கழற்றிய மெஷினைக் குப்பையில் போடாமல் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பியில் எண் எழுதி வையுங்கள். பின்னால் யாராவது அதே காயிலைக் கண்டுபிடித்துத் தரக்கூடும்.

கண்ணாடிக் கீறலும் இப்படித்தான். அக்ரிலிக் கண்ணாடியானால் பற்பசையை மென்துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் கீறல் மங்கும். நகத்தால் தட்டினால் பிளாஸ்டிக் ஓசை வரும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மினரல் கண்ணாடி என்றால் பற்பசை வீண், மாற்றத்தான் வேண்டும். கீறலோடும் நேரம் படிக்க முடிந்தால் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். ஸ்டீல் செயினை மட்டும் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். வருகிற கறுப்பைப் பார்த்து மனசு ஒரு மாதிரி ஆகும். பரவாயில்லை, தேயுங்கள்.

மூடும்போது ரப்பர் வாஷரைப் பாருங்கள். தட்டையாகி வெடித்திருந்தால் புதிது போட வேண்டும். சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவினால் போதும். டயலில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று எழுதியிருக்கிறதே என்று நம்பிக் குளிக்கப் போகாதீர்கள். அந்த வாக்குறுதி புதிதாக இருந்தபோது கொடுத்தது.

ஓடத் தொடங்கியாயிற்று, சரியாக ஓடுகிறதா? போன் நேரத்தோடு விநாடி வரை ஒத்துவைத்து ஒரு மாதம் கையில் கட்டிப் பாருங்கள். கையில் கட்டிப் பாருங்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். இந்தப் படிகம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் முழு வேகத்தில் அதிரும். சூடு ஏறினாலும் குறைந்தாலும் கொஞ்சம் மந்தமாகும். சித்திரை மாதத்தில் 35 டிகிரி அறையில் கிடக்கும் வாட்ச், அந்தப் பத்து டிகிரிக்காக மட்டும் நாளுக்கு 0.3 விநாடி, மாதத்துக்கு 9 விநாடி பின்தங்கும். மணிக்கட்டில் இருந்தால் உடம்பும் காற்றும் சேர்ந்து அதைப் பெரும்பாலும் 30-க்குச் சுற்றுவட்டாரத்தில் வைத்திருக்கும். பீரோவில் வைத்துச் சோதித்துவிட்டு ‘முன்ன மாதிரி இல்லை’ என்று சொல்வது அந்த வாட்சுக்குச் செய்யும் அநியாயம். சில பழைய மெஷின்களில் வேகம் திருத்த ஒரு குட்டித் திருகாணி தெரியும். அதைத் திருப்பாதீர்கள்; அளக்கும் கருவி இல்லாமல் அதைத் தொட்டவர்கள் எல்லோரும் இருந்ததையும் கெடுத்தார்கள்.

கட்டப் போவதில்லை, எடுத்து வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் செல்லைக் கழற்றிவிட்டு வையுங்கள். குமிழை இழுத்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். முள் நிற்கும், செல் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் கசிவு நிற்காது. செல்லின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி வாட்சோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பின்னால் எடுப்பவருக்கு மூடியைத் திறந்து தேடும் வேலை மிச்சம்.

பேசியது போதும். மேசையில் துணி விரித்திருக்கிறது. வாட்ச் கொண்டுவந்திருப்பவர்கள் விநாடி முள் என்ன செய்கிறது என்று முதலில் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வரிசையாக வாருங்கள். நூலகர் ஐயா சம்மதித்தால், இந்தப் பக்கத்து மின்விசிறியை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்திவிடலாம்.